வெள்ளிக்கிழமை முனகல்

“போன வெள்ளி சலாக் பழம் வரலையே, வெனிங். வாரம் ஒரு தடவை உன் புண்ணியத்துல வாய் இனிக்கும், அதுவும் போச்சு,” என்றான் ஜாத்மிகோ.

“காய்ச்சல்,” என்றாள் வெனிங், தலையைத் தூக்காமல்.

அவன் சிரிப்பைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருவரும் எரிமலையைப் பற்றி முதுகலை படிக்கிறவர்கள். மெராப்பி மலைச் சரிவில் ஆளுக்கொரு அதிர்வுக் கருவியைப் புதைத்து வைத்திருந்தார்கள். அவளுடையது ஊரில் உள்ள எல்லாக் கருவிகளும் காட்டுவதையே காட்டியது. அவனுடையதில் மட்டும் வெள்ளிதோறும் காலையில், வேறெதிலும் பதியாத ஒரு மெல்லிய முனகல். மலை ஜாத்மிகோவிடம் மட்டும் ரகசியம் பேசுகிறதாம். சொல்லிச் சொல்லித் துறையே பூரித்துப் போனது.

ஜப்பானில் மேற்படிப்புக்கு ஒரே ஓர் இடம். அதுவும் அவனுக்குத்தான் என்று பேச்சு. மலை எரிந்ததோ இல்லையோ, வெனிங்கின் வயிறு எரிந்தது. அப்படி என்னதான் செய்து வைத்திருக்கிறான் அங்கே?

பெயர் அனுப்ப வேண்டிய அன்று பேராசிரியர் விராத்னோ இருவரையும் அறைக்கு அழைத்தார். வெனிங்கால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

“சார், அது மலையோட சத்தமே இல்லை. மலைக்குக் கிழமை தெரியுமா?”

ஜாத்மிகோவின் முகம் வாடியது. அவளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது.

“எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சும்மா,” என்றார் விராத்னோ. “ஏதோ மணல் லாரி போகுதுன்னுதான் நினைச்சேன். ஆனா லாரின்னா போன வெள்ளியும் ஓடியிருக்கும். போன வெள்ளி முனகலே இல்லை. மலைதான் இப்படி இஷ்டத்துக்கு நிறுத்தும்.”

போன வெள்ளியா? வெனிங் மனதுக்குள் நாள் எண்ணினாள்.

“நீ அந்தப் பக்கம்தானே பழம் வாங்கப் போறே? அவன் கருவிகிட்ட வண்டி, ஆளுன்னு யாரையாவது பார்த்திருக்கியா? பார்த்திருந்தா சொல்லு, அவன் பேரை அடிச்சிட்டு உன் பேரை எழுதறேன்.”

“யாரையும் பார்த்ததில்லை, சார்,” என்றாள் வெனிங்.

பொய்யில்லை. அவன் கருவியைப் புதைத்த நாளிலிருந்தே, பழம் வாங்குகிற சாக்கில் வெள்ளிதோறும் அந்தக் கருவிக்குப் பக்கத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இன்ஜினைக்கூட அணைக்காமல், இவன் என்ன தந்திரம் செய்கிறான் என்று சுற்றிச் சுற்றி உளவு பார்த்தது அவள் ஒருத்திதான்.