இடப்பக்கக் கைப்பிடி

ஜேர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்து ஆய்வுகூடமொன்றின் சன்னலில் மழை வழிகிறது. இயந்திரக் கை தேநீர்க் கோப்பையை ஆதிரையின் முன்னால் வைக்கிறது. பிறகு மெல்லத் தள்ளி, கைப்பிடியை அவளுடைய இடப்பக்கம் திருப்பிவிடுகிறது. "அக்கா, ஏன் எப்பவும் இடப்பக்கமே திருப்புது? இதைப் பழக்கின தரவுகளிலை ஏதோ பிழை. அழிக்கட்டோ?" என்கிறாள் மாணவி கம்சனா. அந்த இயந்திரக் கைக்குக் கோப்பை வைக்கத் தன் கையால் செய்துகாட்டிப் பழக்கியவன் சுலக்ஷன். ஆதிரையின் கணவனாக இருந்தவன். "நான் வீட்டிலை இருக்கிறதே உமக்குத் தெரியேல்லை" என்று சொல்லிவிட்டு, போன குளிர்காலத்தில் ஹம்பேர்க் போய்விட்டான். இடக்கைக்காரியான ஆதிரை கையை நீட்டுகிறாள். விரல்கள் தாமாகவே கைப்பிடிக்குள் போய் அமர்கின்றன. வீட்டில் அவன் கொண்டுவந்து வைத்த கோப்பைகளைக் கணினியிலிருந்து கண்ணெடுக்காமலேதான் அவள் எடுத்துக் குடித்திருக்கிறாள். ஒருநாளும் கைப்பிடியைத் தேட வேண்டி வந்ததில்லை.