கேட்டது மூன்று மாதம்

மூன்று மாதம் என்று சொல்லிவிட்டு அவள் வாயை மூடிக்கொண்டாள்.

சொன்ன பிறகுதான் தப்பு தெரிந்தது.

அந்த ஜவுளிக்கடையில் லீவும் சரக்குதான். கேட்டவுடன் கிடைக்காது, கேட்டபடியும் கிடைக்காது. ஒரு நாள் வேண்டியவன் மூன்று நாள் கேட்பான். முதலாளி தனுஷ்கோடி அண்ணாச்சி பாதி உயிர் போன முகத்தோடு அதை ஒன்றாக்குவார். இரண்டு பேரும் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு போவார்கள். பட்டுப் பிரிவில் நிற்கும் ஒருவர் இப்படியே ஒரே சித்தப்பாவை இரண்டு முறை சாகடித்திருக்கிறார். அண்ணாச்சிக்கும் தெரியும். இரண்டாவது சாவுக்கு மாலை அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

மூன்று மாதம் வேண்டுமென்றால் ஆறு மாதம் கேட்டிருக்க வேண்டும்.

அங்கேயே பில் போட்டு முடி நரைக்கத் தொடங்கியவளுக்கு இது தெரியாதா? தெரியும். பிள்ளை விஷயத்தில் ஏற்றிச் சொல்ல நாக்கு வரவில்லை.

அண்ணாச்சி கல்லாவுக்குப் பின்னால் நன்றாகச் சாய்ந்துகொண்டார். தீபாவளிச் சரக்கு கட்டுப் பிரிக்காமல் கிடப்பதைக் கண்ணால் காட்டினார். பெற்றவளுக்குப் பச்சை உடம்பு, அவளுக்குக் கொடுக்காவிட்டால் பாவம் என்றார். தத்தெடுத்தது கைக்குழந்தையாக இருந்தாலும் சரி; இது நாலு வயசு, தானே சாப்பிடும், தானே கழுவிக்கொள்ளும். வளர்ந்த பிள்ளையாக எடுத்ததில் அதுதானே லாபம் என்றும் சொன்னார். சொன்னது கொஞ்சம் அதிகம் என்று பட்டதோ என்னவோ, மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

பத்து நாள் என்றார்.

அவள் கையைக் கட்டிக்கொண்டாள்.

பதினைந்து.

அவள் நின்றாள்.

கையைக் கட்டிக்கொண்டு சும்மா நிற்கிற ஆளைக் கண்டால்தான் அவருக்கு எப்போதும் பயம். இதுவும் ஒரு வித்தை என்று நினைத்திருப்பார். அவளுக்கு இறங்க இடமில்லை, அவ்வளவுதான்.

ஒரு மாதத்துக்கு வந்தார். அதற்கு மேல் போகாமலிருக்க ஒரு போடு போட்டார். பிள்ளை அம்மா என்று கூப்பிடுகிறதா என்று கேட்டார்.

கூப்பிடுகிறது என்றாள். வந்த அன்றே கூப்பிட்டது.

அண்ணாச்சி முகம் மலர்ந்தது. அப்புறம் என்ன, காரியம்தான் முடிந்துவிட்டதே என்றார்.

அந்த இடத்தில் தலையாட்டிவிட்டு ஒரு மாதத்தோடு போயிருக்கலாம். பெருமையாவது மிஞ்சியிருக்கும்.

"எல்லாரையும் கூப்பிடுறா அண்ணாச்சி. பூக்காரம்மா, ரேஷன் கடைப் பொண்ணு, பஸ்ல பக்கத்து சீட்டு. சேலை கட்டியிருந்தா அம்மாதான்."

அவர் சிரிக்கப் போனார். பாதியில் நின்றுவிட்டது.



கேட்ட விலைக்கு ஒன்றை முடித்துவிட்டால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. நெற்றியைத் தேய்த்தார். தெருவைப் பார்த்தார்.

"போ தாயி. மூணு மாசம்."

அவள் படியிறங்கும் வரைக்கும் பொறுத்திருந்தார்.

"மூணு மாசம்னா பொங்கல் வந்துரும். ஒரு வாரம் முன்னாடியே வந்துரு."

சாயங்காலம் பக்கத்து வீட்டிலிருந்து மகளைக் கூட்டிவந்து சோறு போட்டாள். நாளையிலிருந்து அம்மா கடைக்குப் போகமாட்டேன் என்று சொன்னாள்.

சிறுமி துள்ளவில்லை. பிசைந்த கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள்.

பிள்ளை முன்பு இருந்த காப்பகத்தில் பார்த்துக்கொள்ளப் பகலுக்கு ஒருத்தி, ராத்திரிக்கு ஒருத்தி. ஒருத்தி போனால் இன்னொருத்தி வருவாள். எல்லாரும் அம்மாதான். அங்கே படுக்கப் போகும் முன் பிள்ளைகள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. அதையே இவளும் கேட்டாள்.

"நாளைக்கு யாரு அம்மா?"

நான்தான் என்றாள்.

நாளன்னைக்கு?

நான்தான்.

அதுக்கு மறுநாள்?

நான்தான்.

பிள்ளை விடவில்லை. ஒரு வாய் சோறு, ஒரு நாள். ஒரு வாய், இன்னொரு நாள். ஒவ்வொன்றுக்கும் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் மென்றது.

தட்டில் இன்னும் கொஞ்சம் இருந்தது. எண்ணிக்கை பொங்கலை எட்டுவதற்குள் சோறு தீர்ந்துவிட்டால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"அதுக்கும் மறுநாள்?"

"நான்தான்டி" என்றபடி தட்டின் ஓரத்துச் சோற்றை வழித்து நடுவில் சேர்த்தாள்.