கடைசி வண்டி வரும்வரை

"நட்ட நடுக் காட்டுல ஒரு மனுஷனை விட்டுட்டு வந்திருக்கே. உனக்கெல்லாம் எதுக்குய்யா வண்டி?"

பைக் கூட்டத்தின் கேப்டன் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். வாரம் முழுக்கக் கத்திப் பழகிய தொண்டைக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வில்லை.

எதிரே ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றார் லிஃப்ட் மெக்கானிக்.

காணாமல் போய்க் கிடைத்த டாக்டருக்கோ மரத்தடியில் ராஜ உபசாரம். ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். ஒருவர் தன் ஜாக்கெட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டார். கணக்கு டீச்சர் கையைப் பிடித்து நாடி பார்த்தார். நாடி பார்க்க அவருக்குத் தெரியாது என்பது வேறு விஷயம்.

டாக்டர் என்றால் நிஜ டாக்டர் இல்லை. மருந்துக் கடை வைத்திருந்தவர். கூட்டத்தில் வைத்த பெயர் அது. கடையைக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருக்கிறார். மனைவி போன பிறகு அங்கே பேச்சுத்துணைக்கு ஆள் கிடையாது. வெளிநாட்டிலிருக்கும் மகள் போனில், "சாப்பிட்டீங்களாப்பா?" என்பாள். பதில் சொல்வதற்குள் அங்கே குழந்தை அழும்.

இந்தக் கூட்டத்தோடு ஊர்ப்புறச் சாலையிலும் காட்டுத் தடத்திலும் பைக் ஓட்டுகிற ஞாயிறுதான் அவருக்கு நாள். அதிலும் மற்றவர்கள் பறந்துவிடுவார்கள். இவர் கடைசி ஆளாக, அவர்கள் கிளப்பிவிட்டுப் போன புழுதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு உருட்டிக்கொண்டு வருவார்.

பின்தங்குகிறவர்களுக்காகவே கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாதை பிரிகிற இடத்தில் ஒருத்தர் நிற்க வேண்டும். கடைசி வண்டி வந்து, அதற்குச் சரியான பக்கம் கை காட்டிய பிறகுதான் இடத்தைவிட்டு நகரலாம். முனைக்காவல் என்று பெயர். முறை வந்தால் யாரானாலும் முன்னால் போய் நின்றாக வேண்டும். இதில் தவறினால் கூட்டத்தில் இடமில்லை.

இன்றைக்கு முறை, லிஃப்ட் மெக்கானிக்குடையது.

"நீங்களே சொல்லுங்க டாக்டர். நீங்க வந்தப்ப முனையில ஆள் இருந்துச்சா?" என்று கேட்டார் கேப்டன்.

டாக்டர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"யாரும் இல்லையேப்பா. எந்தப் பக்கம்னு தெரியாம ஏதோ ஒரு பக்கம் திரும்பிட்டேன்."

மெக்கானிக் சட்டென்று நிமிர்ந்தார். "நான் அந்த இடத்தைவிட்டு..." என்று ஆரம்பித்தவர், டாக்டரைப் பார்த்தார். டீச்சரின் கை இன்னும் டாக்டரின் கைமேல்தான் இருந்தது.

"ஆமா கேப்டன். ஒரு போன் வந்துச்சு. சிக்னல் தேடிக் கொஞ்சம் தள்ளிப் போயிட்டேன். என் தப்புதான்."

"அடுத்த வாரத்துலேர்ந்து நீ வர வேண்டாம்."

"வயசானவர். ஏதாவது ஆகியிருந்தா யார் பதில் சொல்றது?" என்றார் டீச்சர். "ஆளுக்கொரு பக்கமா கத்திக்கிட்டு ஓடியிருக்கோம்."

அந்தக் கத்தல் டாக்டருக்கு இன்னும் காதிலேயே இருந்தது. பாறைமேல் உட்கார்ந்திருந்தபோது, "டாக்டர்... டாக்டர்..." என்று காடு முழுக்க அவர் பெயர்தான். இத்தனை பேர் சேர்ந்து அவரைக் கூப்பிட்டு எவ்வளவு காலமாகிவிட்டது. நினைத்ததும் கண் நிறைந்துவிட்டது. பயந்துபோயிருக்கிறார் என்று டீச்சர் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

கூட்டம் கிளம்பத் தயாரானது. மெக்கானிக் தனியாகத் தள்ளி நின்று, வண்டியில் பையைக் கட்டிக்கொண்டிருந்தார். யாரும் அவரோடு பேசவில்லை. டாக்டருக்கு நெஞ்சு உறுத்தியது. மெதுவாக அவரிடம் போனார்.

"எதுக்குப்பா ஒத்துக்கிட்டே?"

"வேற என்ன பண்றது? நான் கை காட்டினேன். நீங்களும் தலையை ஆட்டிட்டு வேற பக்கம் திரும்பிட்டீங்க. என்னமோ ஏதோன்னு பின்னாடியே வந்தேன். வண்டியை நிறுத்திட்டு நடந்து வந்து பார்த்தா, பாறைமேல நல்லாத்தான் உக்காந்திருந்தீங்க. புரிஞ்சுபோச்சு. சத்தம் காட்டாம திரும்பிப் போய், டாக்டரைக் காணோம்னு எல்லாரையும் கிளப்பிவிட்டதே நான்தான்."

டாக்டர் கூனிக் குறுகிப் போனார்.

"வேணும்னேதான் பண்ணேன். நான் இல்லைன்னா யாராவது தேடுவாங்களான்னு பார்க்கத் தோணுச்சு. வா, கேப்டன்கிட்ட உண்மையைச் சொல்லிடறேன்."

"சொன்னா உங்களை நிறுத்திடுவாங்க. அப்புறம் ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவீங்க? விடுங்க."

"சரி, உனக்கு எப்படிப்பா புரிஞ்சுது?"

மெக்கானிக் கையுறையை நிதானமாக மாட்டினார்.

"போன மழைக்காலத்துல ஏரிப் பக்கம் போனோமே, அன்னைக்கு நான்தான் கடைசி வண்டி. நானும் இதே மாதிரி ஒதுங்கி உக்காந்து பார்த்தேன். பொழுது சாயற வரைக்கும் யாரும் வரல. நானே எழுந்து வீட்டுக்குப் போயிட்டேன்."

"அடப் பாவமே. கடைசி வண்டி வரலையேன்னு முனையில நின்னவனுக்கு உறைக்க வேண்டாமா? முனையை விட்டுட்டுப் பாதியில கிளம்பிப் போன அந்த மனசாட்சி இல்லாத ஆள் யாருப்பா?"

மெக்கானிக் வண்டியைக் கிளப்பினார்.

"நீங்கதான் டாக்டர்."