எல்லார் வீட்டிலும் இருக்க வேண்டியது

"லேபிள் கிழிஞ்சிருக்கா? ஏம்மா, பாட்டு என்ன லேபிள்லயா இருக்கு?"

சடையாண்டி போட்ட சத்தத்தில் அடுப்படியிலிருந்து மனைவி ராமுத்தாய் கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். வந்திருந்த பெண் அசரவில்லை. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, அவருடைய இசைத்தட்டுகளை ஒவ்வொன்றாக உறையிலிருந்து உருவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வேண்டியது ஒரு பக்கம், வேண்டாதது ஒரு பக்கம் என்று பிரித்துக்கொண்டிருந்தாள்.

சடையாண்டிக்குத் தொப்பம்பட்டிக்கு மாற்றல் ஆகியிருந்தது. அங்கே கிடைத்தது ஒற்றை அறை வீடு. "கட்டிலைக் கொண்டுபோறதா, இந்தத் தட்டுகளைக் கொண்டுபோறதா, நீங்களே சொல்லுங்க" என்று ராமுத்தாய் கேட்டுவிட்டாள். ரெக்கார்டு பிளேயரும் பழுதாகிக் கிடந்தது. ஊரே டேப் ரெக்கார்டருக்கு மாறிய பிறகு திண்டுக்கல்லில் எந்தக் கடையிலும் அதற்கு ஊசி கிடைக்கவில்லை. ஆனாலும் பார்த்துப் பார்த்துச் சேர்த்ததை விற்க மனம் வரவில்லை. பாட்டை மதிக்கிற ஆளாக இருந்தால் சும்மாவே தருகிறேன் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லி வைத்தார்.

வந்தவர்களிடம் ஒரே கேள்விதான் கேட்டார். "பாட்டு ரசிக்கிறவன் வீட்டுல கட்டாயம் இருக்க வேண்டிய தட்டு எது?"

ஒருவர் தலையைச் சொறிந்தார். இன்னொருவர், "நீங்க எதைக் குடுத்தாலும் சரிண்ணே" என்றார். இருவரையும் வாசலோடு அனுப்பிவிட்டார். எதைக் கொடுத்தாலும் சரி என்கிறவனுக்குப் பாட்டு எதற்கு, போய்ப் பஞ்சாமிர்தம் வாங்கித் தின்னட்டும் என்று அன்று முழுக்கப் பொருமிக்கொண்டே இருந்தார்.

சின்னாளபட்டியில் பெண்களுக்கு வகுப்பு நடத்துகிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்த இந்த முனீஸ்வரிதான் சட்டென்று பதில் சொன்னாள். சொன்னதோடு நிற்காமல் சண்டைக்கும் வந்துவிட்டாள்.

"இந்த முருகன் பாட்டு எல்.பி. தட்டு இருக்கே, நடுவுல மயில் படம் போட்டது, இது எல்லார் வீட்டுலயும் இருக்கணும்ணே. அப்புறம் இந்த சினிமாப் பாட்டு எல்.பி. அம்புட்டும்."

"அப்ப இது?" பழைய நாதஸ்வரத் தட்டுகளை அவள் முன்னால் தள்ளினார். அந்தக் காலத்துக் கனத்த தட்டுகள். "மூணு நிமிசத்துல ஒரு ராகத்தையே பிழிஞ்சு குடுத்திருக்கான். இது இல்லாத வீடெல்லாம் ஒரு வீடா?"

"அத நீங்களே வச்சுக்கங்க. எம்புட்டுப் பக்குவமாப் பாத்தாலும் பட்டுனு ஒடஞ்சு போகும். எனக்கு ஆகாது."

"ஒடயாம வச்சுக்கத் தெரியணும்!"

"தெரியாமயா சொல்றேன்? எடுத்துப் பாத்து, நொந்துபோய்ச் சொல்றேன்."

"சரி, இந்தச் சின்னத் தட்டு? கேட்டுப் பாரு, வீணை பேசும்."

"இதா? இம்புட்டூண்டு இருக்கு. எதுவா இருந்தாலும் பாக்க நெறவா இருக்க வேணாமா?"

சடையாண்டிக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. வீணையைப் பார்த்து நிறைவு இல்லை என்கிறாளே! "எந்திரி. ஒண்ணும் தர மாட்டேன். ரசனை கெட்ட ஆளுக்குக் குடுக்கிறதுக்குப் பதிலா எல்லாத்தையும் கெணத்துல போடுவேன்."

முனீஸ்வரி விருட்டென்று எழுந்தாள். அவளுக்கும் முகம் சிவந்துவிட்டது.

"நான் ஒண்ணும் பிச்சைக்கு வரல. நல்லத நல்லதுங்கிறேன், ஆகாதத ஆகாதுங்கிறேன். நீங்க சொல்றதுக்கெல்லாம் தலையாட்டணுமா? எங்கிட்ட கத்துக்க வார பிள்ளைகளுக்கு மட்டமானத நான் குடுத்ததில்ல. இனிமேலும் குடுக்க மாட்டேன். வாரேன்!"

செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கியவளைச் சடையாண்டி பார்த்துக்கொண்டே நின்றார். ஒரு தட்டுக்காக அவரிடம் இப்படி மல்லுக்கு நின்றவர் இந்த ஊரில் ஒருவர்கூட இல்லை. அவளுடைய ரசனை அவருக்குப் பிடிக்கவில்லை, அது வேறு விஷயம். ஆனால் உயிராக நினைக்காத பொருளுக்காக யாருக்காவது இவ்வளவு கோபம் வருமா?

"நில்லு தாயி" என்றார். "எடுத்துக்க. ஆனா இந்த லேபிள் கிழிஞ்சதையும் சேத்துத்தான் எடுத்துக்கிறணும்."

அவள் முறைத்தாள். "சரி, குடுங்க. ஓரமா வச்சுக்கிறேன்."

கட்டு கனமாக இருந்ததால் அவரே தூக்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறினார். "மேல போடுங்க சார்" என்ற கண்டக்டரிடம், "உம் பிள்ளைய மேல போடுவியா?" என்று எரிந்து விழுந்தார். சின்னாளபட்டி வரைக்கும் கட்டை மடியிலேயே வைத்திருந்தார்.

முனீஸ்வரியின் வீட்டுக் கூடத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவளைக் கண்டதும், "வணக்கம் டீச்சர்" என்று எழுந்தார்கள். சடையாண்டிக்கு மனம் நிறைந்துவிட்டது. தன் தட்டுகள் இனி ஒரு வீட்டில் மட்டும் இல்லை, இத்தனை பேர் காதில் பாடப்போகின்றன. கட்டைப் பூப்போல இறக்கி வைத்தார். சண்டை மும்முரத்தில் கேட்க மறந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஆமா, பிளேயர் எங்கம்மா வச்சிருக்க?"

"பிளேயரா? அது எதுக்குண்ணே?" என்றவள் உள்ளே பார்த்துக் கத்தினாள். "ஏ சௌந்தர்யா, அண்டாவுல தண்ணி கொதிச்சிருச்சா?"

சடையாண்டி அப்போதுதான் சுவரோரம் இருந்த கண்ணாடி அலமாரியைப் பார்த்தார். வரிசையாகக் கறுப்புப் பூக்கிண்ணங்கள். விளிம்பெல்லாம் நெளிநெளியாக இருந்தது. ஒவ்வொன்றிலும் ஒரு பிளாஸ்டிக் ரோஜா, அதற்கு அடியில் வட்டமாக ஒரு லேபிள்.

முனீஸ்வரி கட்டின் மேலிருந்த தட்டை உருவி இடுக்கியில் பிடித்தாள். "செத்தத் தள்ளி நில்லுங்கண்ணே, முக்கி எடுத்து வளைக்கும்போது சுடுதண்ணி தெறிக்கும்."