எந்தப் பக்கம் போச்சு?

தூரத்துப் போரின் துயரத்தைக் காட்டும் படக் கண்காட்சியில் ஏசி நடுக்குகிறது. மனிதாபிமானத்தைத் தொண்டை கிழிய முழங்கிய தலைவர் பழச்சாறு உறிஞ்சுகிறார். பொன்னிறப் புழுதிக்குள் அகதிகளோடு ஓடும் லாரிப் படத்தின் கண்ணாடியில் முகம் பார்த்து ஓர் அம்மாள் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நகர்கிறாள். அந்தப் போருக்குத் தப்பி வந்த பெண் ஒருத்தி அங்கே வந்து, லாரியில் தொற்றி நிற்கும் ஓர் இளைஞன்மேல் விரலை வைக்கிறாள். "என் தம்பி." படமெடுத்தவர் பதறி ஓடி வருகிறார். "தொடாதீங்கக்கா, ரேகை விழுந்துடும்!" விரலை எடுத்துக்கொள்கிறாள். "இந்த லாரி எந்தப் பக்கம் போச்சுங்க? ஆத்துப் பக்கம் போனவங்க ஒருத்தரும் மிஞ்சலை. மலைப் பக்கம் போனவங்க உயிரோட இருக்காங்க." அவர் நெற்றியைச் சுருக்கி யோசிக்கிறார், நிஜமாகவே யோசிக்கிறார். "கவனிக்கலையேக்கா. ஆனா அன்னிக்கு அடிச்ச வெயில் இருக்கே, அடடா, கேட்டாலும் கிடைக்காது!" யாரோ கூப்பிட, கைகுலுக்கப் போய்விடுகிறார். அவள் கண்கள் லாரியின் முன்சக்கரத்திலிருந்து மெல்ல நகர்ந்து படச்சட்டத்தின் விளிம்புக்குப் போகின்றன. அதற்கப்பால் வெள்ளையடித்த சுவர்தான் இருக்கிறது.