நிவேதாவின் சோதனை அறை

ஐந்தருவிச் சாரல் கனவுபோல முகத்தில் படிந்தது. கீழப்பாவூரில் மோட்டாருக்கு ரப்பர் வளையம் செய்யும் நிவேதாவும், செங்கோட்டையில் கம்பெனி நடத்தும் இசக்கிதுரையும் தனியாக நின்று பேசினார்கள்.

"நாம சேரணும்னா ஒண்ணு தெளிவாகணும். நான் மோட்டார், மிக்ஸி, ஃபேன் எல்லாம் செய்யுதேன். நீங்க வளையம் மட்டுந்தானா?"

"ஒரே வேலையில கை பழகிட்டு. ஆள் கூட்டாமலே சரக்கு ரெண்டு மடங்கு வருது."

"லாபத்துல பாதி சோதனை அறைக்கே போகுதாமே?"

"அங்கன பல வளையம் கெட்டாத்தான் கெடாத ஒண்ணு கிடைக்கும். அதை மூடணும்னா இந்தப் பேச்சே வேண்டாம்."

முன்பு வந்தவர்கள் இதைக் கேட்டுத்தான் எழுந்து போனார்கள்.

இசக்கிதுரை அவள் பக்கம் திரும்பினான்.

"மூட வேண்டாம். அப்படி ஒரு அறை எனக்கும் ரொம்ப நாள் ஆசை. மத்ததை விட்டுட்டு மோட்டார் மட்டும் செய்யுதேன். நீங்க வந்து அறையை ஆரம்பிச்சுத் தாங்க."

அதற்குள் அவள் அப்பா குடையோடு வந்தார்.

"என்ன மாப்ளே, பொண்ணைப் பிடிச்சிருக்கா? ஆவணியில முகூர்த்தம் வச்சிரலாமா?"

அவன் வாய் திறக்குமுன் நிவேதா சொன்னாள்: "எனக்குப் பிடிச்சிருக்குப்பா."