சிரிப்புக்கு ஒரு லீவு

"அப்பா, டீச்சர் என்னைச் சிரிக்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

லிஃப்ட் மெக்கானிக்கான அவருக்குக் காலிலிருந்து ஷூவைக் கழற்றக்கூடத் தெம்பில்லை. அப்படியே நிமிர்ந்தார்.

"யாரு? புதுசா வந்த டீச்சரா?"

"ஆமா."

ஏழு வயசுப் பிள்ளை. இந்த வீட்டில் மிச்சமிருப்பதே அவள் சிரிப்பு ஒன்றுதான். பிரசவத்தில் குழந்தை தங்காமல் போய் மூணு மாசம். அன்றிலிருந்து அவர் மனைவி கட்டிலோடு கட்டிலாய்ச் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது. சமையல், துணி, டியூட்டி எல்லாம் அவர் தலையில். பொண்ணு உள்ளே போய்ச் சிரித்தால் மட்டும் அம்மா முகம் லேசாய் இந்தப் பக்கம் திரும்பும். அவ்வளவுதான். அதற்கும் ஒருத்தி தடை போடுவாளா?

மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்தில் போய் நின்றார்.

டீச்சர் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். ஐம்பது வயசிருக்கும்.

"உட்காருங்க சார்."

"உட்கார வரலைங்க. குழந்தை சிரிக்கிறதுகூட உங்க ஸ்கூல்ல குத்தமா?"

டீச்சர் பேனாவை மூடினார்.

"போன வாரம் ஒரு பையன் விழுந்து முட்டியில ரத்தம். உங்க பொண்ணு ஓடிப்போய் அவன் முன்னாடி நின்னு சிரிச்சா. அவன் இன்னும் பெருசா அழுதான். இவளும் விடலை, இன்னும் பெருசாச் சிரிச்சா."

"விளையாட்டுப் பிள்ளைங்க..."

"நானும் அப்படித்தான் நினைச்சேன். மறுநாள் தலைவலின்னு நான் நெத்தியைப் பிடிச்சேன். என்கிட்டயும் வந்து சிரிச்சா. கன்னம் நடுங்குது சார். கண்ணுல சிரிப்பே இல்லை. ஏம்மான்னு கேட்டேன்."

அவர் கை நாற்காலியின் முதுகைப் பற்றியது.

"'நான் சிரிச்சா அம்மாவுக்குச் சரியாயிடும்னு அப்பா சொன்னாரு. இன்னும் சரியாகலை. நான் ஒழுங்காச் சிரிக்கலையா டீச்சர்'னு கேட்டா."

மெக்கானிக் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அதான் சொன்னேன். இந்த ரூமுக்குள்ள யாருக்காகவும் சிரிக்க வேண்டாம், உனக்கா வந்தா சிரின்னு. ரெண்டு நாளா ஜன்னல் பக்கம் உம்முனு உட்கார்ந்திருக்கா. இருக்கட்டும்னு விட்டிருக்கேன்."

"நல்லதுக்குத்தாங்க சொன்னேன்..." என்றார் மெக்கானிக்.

"தெரியும் சார். நீங்களும் எத்தனைதான் சுமப்பீங்க?"

சாயங்காலம் அவர் கதவைத் திறந்ததும் பொண்ணு ஓடி வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பல் தெரியச் சிரித்தாள். ஷிஃப்ட் முடிந்து வரும் தனக்கும் இவள் டியூட்டிதான் பார்க்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

அவள் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"கண்ணு, இன்னைக்குச் சிரிப்புக்கு லீவு."

"அப்போ அம்மா?"

"அம்மாவை டாக்டரும் நானும் பார்த்துக்கறோம். அது உன் வேலை இல்லடா. அப்பா தப்பாச் சொல்லிட்டேன்."

நிஜமாவா என்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தாள். உதடு கோணியது. அப்புறம் பிடித்துக்கொண்டது அழுகை. மூணு மாசத்து அழுகை. அவர் சட்டையைக் கொத்தாய்ப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, வீடே அதிர அழுதாள். "தம்பிப் பாப்பா வரவே இல்லையேப்பா" என்று நடுநடுவே சொன்னாள்.

அவர் அவளை அடக்கவில்லை.

அறைக்கதவு கிறீச்சிட்டது. கலைந்த தலையும் கசங்கிய நைட்டியுமாய், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் மனைவி.

"பிள்ளையை ஏன் இப்படி அழ விடறீங்க? இங்க கொடுங்க அவளை."

யாரும் கூப்பிடாமல் அவளாகக் கட்டிலை விட்டு இறங்கி வந்தது, மூணு மாசத்தில் அன்றுதான்.